நான் சின்னதாக எழுதிய நடைகள்

இந்த வருடம் புதிதாகப் பென்சிலைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். புள்ளிப் புத்தகம் எழுதுவது எப்படி என்று டேனிஷில் ஒரு கையேடு தந்திருப்பார்கள். நல்ல கையேடுதான். எந்தக் கட்டத்தில் எந்தக் குறி, மழை வந்தால் என்ன செய்வது, இரண்டு அணிகளின் புத்தகங்களும் ஒத்துப்போகாவிட்டால் யாரைக் கேட்பது எல்லாம் அதில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்லப்போகிறேன். அது ஒரு நாள் செய்த பிழையில்லை. பதினொரு வருடம், வாரம் தவறாமல், சுத்தமான கையெழுத்தில் செய்த பிழை.

பேஸ்போல், கிரிக்கெட், கைப்பந்து என்று புள்ளி எழுத நம் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வாசிக்கச் சிரமமென்றால் அம்மாவைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீங்கள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரிந்துபோகும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. வாரநாட்களில் எனக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. ஒருநாள் மகனைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனபோது மைதானத்தில் பிள்ளைகள் ருண்ட்போல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே பள்ளிக்கூடங்களில் எல்லோரும் விளையாடுகிற பந்தடி அது. மட்டையால் அடித்துவிட்டுச் சுற்றி ஓட வேண்டும். அட, இது எங்கள் ஊர் எல்லே ஆட்டம் அல்லவா என்று அப்படியே நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடத்து எல்லே அணியில் நான் ஆடியவள். கம்பைச் சுழற்றி ஒன்று கொடுத்தேன் என்றால் பந்து மதிலுக்கு அப்பால் போய்விடும் என்று இன்றைக்கும் பெருமை பேசுவேன். மகன் ருண்ட்போலிலிருந்து பேஸ்போலுக்குப் போனான். அவனுக்குப் பின்னால் நானும் போனேன். இரண்டு வருடத்தில் அவனுக்கு ஆட்டம் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

எங்கள் கழகம் கோப்பன்ஹேகனின் மேற்கு ஓரத்தில், எஸ்-ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. புள்ளி எழுத ஆள் இல்லை என்றார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். சம்பளம் கிடையாது. ஒரு சொசேஜும் கோப்பியும் தருவார்கள். பயிற்சியாளர் ஹென்றிக் முதல் வாரமே என்னிடம், "ஷண்ட்ரா, ஒவ்வொரு திங்களும் முக்கியமானதை மட்டும் ஒரு தாளில் போட்டு அனுப்புவாயா?" என்று கேட்டார். என் பெயர் சந்திரா. அவர் வாயில் அது அப்படித்தான் வரும். 'நீ' என்றுதான் பேசுவார். இந்த நாட்டில் பிரதமரைக்கூட நீதானே.

முக்கியமானது எது? அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே தீர்மானித்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். பெயர். எத்தனை அடி. அதில் எத்தனை தூர அடி. அந்த அடியால் எத்தனை பேர் தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடமான வீடு சேர்ந்தார்கள். அவ்வளவுதான். என் தாளுக்கு எல்லோரும் நல்ல பெயர் கொடுத்தார்கள். ஒரு பார்வையில் விளங்குகிறது என்றார்கள்.

அந்தத் தாளில் ஒன்றுக்குக் கோடு இல்லை. பேஸ்போலில் பந்துவீச்சாளர், அடிக்க வந்த ஒருவருக்கு நான்கு பந்துகளைக் கோணலாக எறிந்து, அந்த ஆள் அவற்றை அடிக்காமல் விட்டால், அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். அதை நடை என்போம். எல்லேயில் இந்தக் கதையே கிடையாது. மூன்று பந்து தருவார்கள், அதற்குள் அடி. அடித்தால் ஓடு. நின்றுகொண்டிருந்தவளைத் தூக்கித் தளத்தில் வைக்கிற வழக்கம் எங்களுக்குத் தெரியாது. ஆகவே நடை என்பது பந்துவீச்சாளர் விட்ட பிழை, அடிக்க வந்தவர் அதில் ஒன்றும் செய்யவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். புத்தகத்தில் எழுதாமல் விட முடியாது, விதி இருக்கிறது. எழுதினேன். திங்கட்கிழமைத் தாளில் சேர்க்கவில்லை.

இப்போது வசியைச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் வசீகரன். டோஸ்ட்ருப்பில் வளர்ந்த பிள்ளை, மின்சார வேலை செய்கிறவன். அவனுடைய அம்மாவை எனக்குக் கோயிலில் பழக்கம். இருபது வயதில் எங்கள் அணிக்கு வந்தான். மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அமைதியாக நிற்பான். பந்து வரும், விடுவான். இன்னொன்று வரும், விடுவான். சில நேரம் மட்டையை லேசாக நீட்டிக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவான். அப்படித் தட்டினால் ஆட்டமிழக்க மாட்டான், இன்னொரு பந்து கிடைக்கும். பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். கடைசியில் நடை வாங்கிக்கொண்டு முதல் தளத்தில் போய் நிற்பான். எங்கள் ஆட்கள் அவனுக்குப் பேருந்துத் தரிப்பிடம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எப்போது பார்த்தாலும் நின்றுகொண்டிருக்கிறானாம்.

அவனுடைய இடத்துக்கு, இடது பக்க வெளிக்களத்துக்கு, இன்னொருவன் இருந்தான். யோனாஸ். ஓங்கி அடித்தால் பந்து ரயில் பாதை வேலியைத் தாண்டும். சனம் எழுந்து நின்று கத்தும். நானும்தான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவேன். என்னுடைய எல்லே இரத்தத்துக்கு அது பிடித்திருந்தது. யோனாஸ் ஒரு முறை அடிப்பதற்கு நாலு முறை காற்றை அடிப்பான். அது என் நினைவில் நிற்காது. சாதாரண ஆட்டங்களில் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி ஆடவிட்டார் ஹென்றிக். பெரிய ஆட்டம் என்றால் யோனாஸ்தான். தாள் அப்படித்தானே சொன்னது.

ஒரு கோடையில் கழகத்துக்கு சீசிலியே என்று ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள், புள்ளி எழுத உதவிக்கு வருகிறேன் என்றாள். நான் எழுதிய பழைய புத்தகங்களை எல்லாம் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். சனிக்கிழமை ஒன்றில் மழை பிடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கழக வீட்டுக்குள் ஈரச் சப்பாத்து மணக்க மணக்க இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் என் புத்தகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"ஷண்ட்ரா, இந்த மூலையில் இருக்கிற பொடி எழுத்து என்ன?"

"அது நடை."

"மற்றதெல்லாம் பெட்டி நிறைய எழுதியிருக்கிறாய். இதை மட்டும் ஏன் இவ்வளவு சின்னதாக எழுதுகிறாய்?"

பார்த்தேன். உண்மைதான். வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன், எனக்கே தெரியாது. அடி என்றால் கறுப்பாக, பெரிதாக. நடை என்றால் எறும்பு அளவு. கை தன்பாட்டுக்கு அப்படிப் பழகிவிட்டது.

"அது பெரிய விஷயமில்லை" என்றேன்.

அவள் கணினியை என் பக்கம் திருப்பினாள். மட்டையோடு போன தடவைகளில் எத்தனை தடவை ஒரு ஆள் எப்படியோ தளத்தில் போய் நின்றார் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்தியிருந்தாள். முதலாவதாக வசியின் பெயர் இருந்தது. மேலே, தனியாக. யோனாஸ் நடுவில் எங்கேயோ இருந்தான்.

நான் சிரித்தேன். கணினி எங்கேயோ பிழைவிட்டிருக்கிறது என்றேன். "உன் புத்தகத்திலிருந்துதான் எடுத்தேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வருகிறது என்று தெரிந்தும் அடக்கவில்லை. "நீ ஆட்டத்தைப் பார்க்கிறதே இல்லை. திரையைத்தான் பார்க்கிறாய். நான் இத்தனை வருடமாக மைதானத்தில் இருந்து பார்க்கிறேன்" என்று சத்தம் போட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "நீ வசியைப் பார்த்ததில்லை, ஷண்ட்ரா. அவன் மட்டையோடு போகிறபோது நீ கோப்பி ஊற்றப் போகிறாய். அவனுடைய முறைக்கு நேரம் எடுக்கும் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். பந்துகளை என்னிடம் எண்ணச் சொல்லிவிட்டுப் போவாய்" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பொய் சொல்லியிருந்தாள் என்றால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். அவளுக்கு முன்னால் இருந்த உதவியாட்களிடமும் நான் அப்படித்தான் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனேன். கூச்சமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் வசியின் முறை வரும்போது கோப்பிக் கேத்திலைத் தொடவில்லை. புள்ளி எழுதுகிறவருக்குப் பந்தைத் தொடர்ந்து பார்த்துப் பழக்கம். கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். நான் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் கால்களைப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. பந்து நல்ல பந்தென்றால் அவனுடைய பின்காலின் குதி மண்ணைவிட்டு மெல்ல எழும்பும். கூடாத பந்தென்றால் குதி அசையாது. பந்து பாதி வழி வருவதற்கு முன்னாலேயே அந்தக் குதிக்குத் தெரிந்துவிடும். துல்லியமாக எறிகிறவர் வந்தாலும் சரி, கோணலாக எறிகிறவர் வந்தாலும் சரி, குதி ஏமாறவில்லை. துல்லியமாக எறிகிறவருக்கு எதிரே அவன் நல்ல பந்துகளை வெளியே தட்டித் தட்டிவிட்டு, அவருக்குப் பொறுமை போய் ஒன்று கோணலாக வரும்வரை காத்திருந்தான். நிற்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவனோ ஒவ்வொரு பந்துக்கும் முடிவெடுத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வாரம் ஆட்டம் முடிந்தபிறகு அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"வசி, நீ ஏன் மற்றவையள் மாதிரி அடிக்கிறேல்ல?"

"அடிக்கிறதுக்கு நல்ல பந்து வரவேணும் அன்ரி. கூடாத பந்துக்கு வீசிப்போட்டுப் பிடி குடுத்தா ஆருக்கு லாபம்?"

"சனம் சிரிக்குதல்லோ."

"ஓம், சிரிக்கினம். சிரிக்கிறவை கதிரையில இருக்கினம். நான் தளத்தில நிக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினான். பிறகுதான் சொன்னான். மனைவிக்கு நாட்டின் மேற்கே, ஹேர்னிங் பக்கத்து மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. ஒக்டோபரில் இக்காஸ்ட்டுக்குக் குடிபோகிறார்கள். அங்கே பேஸ்போல் இல்லை.

"அப்ப இதுதான் கடைசி வருசமோ?"

"ஓம். இந்த முறை இறுதியாட்டத்துக்கு வந்திட்டம். எனக்கு ஒண்டே ஒண்டுதான் அன்ரி. ஒரு இறுதியாட்டத்தில முதல்ல இருந்து இறங்கி ஆடவேணும். இதுக்கு முன்னம் ரெண்டு இறுதியாட்டத்திலயும் வெளிய வாங்கிலதான் குந்தியிருந்தனான். வீட்ட போய்க் காற்சட்டையைத் தோய்க்கப் போட்டா, அம்மா திருப்பிக் கொண்டுவந்து தந்தவ. இதில ஊத்தையே இல்லையே எண்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த வெள்ளைக் காற்சட்டை ஊத்தைப்படாமல் போனதற்கு என் அடிமட்டமும் ஒரு காரணம் என்று அவனுக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்களும் ஒருநாள் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இறுதியாட்டத்துக்கு முந்திய வியாழன் பின்னேரம் கழக வீட்டில் அணியைத் தீர்மானிக்க உட்கார்ந்தோம். ஹென்றிக், சீசிலியே, நான். வெளியே நல்ல வெயில். ஹென்றிக் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். உள்ளே என் திங்கட்கிழமைத் தாள்கள், அத்தனை வருடத்துத் தாள்களும். மேல் தாளில் கோப்பிக் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"இடது பக்கம் யோனாஸ். உன் தாள் அதில் தெளிவாக இருக்கிறது" என்றார் என்னைப் பார்த்து.

சீசிலியே தன் வரிசையைக் காட்டினாள். ஹென்றிக் பொறுமையாகப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. அவர் கேட்டது நல்ல கேள்வி.

"மோசமாக எறிகிறவர்கள் வந்தால் யாருக்கும் நடை கிடைக்கும். ஞாயிறு பந்து எறிய வரப்போகிறவன் அப்படிப்பட்டவன் இல்லை. அவன் யாருக்கும் எதையும் சும்மா தருவதில்லை. இந்த நடையெல்லாம் வசி சம்பாதித்ததா, மற்றவர்கள் கொடுத்ததா? அதை இந்த எண் எனக்குச் சொல்லவில்லையே."

சீசிலியே எண்களைப் பார்த்தவள், வசியின் குதிகாலைப் பார்த்தவள் இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் நான் உடனே பேசவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பயம். ஒன்று, அந்த உறைக்குள் இருந்தவை என் தாள்கள். வாயைத் திறந்தால் அத்தனை வருடத்துக்கும் நான்தான் பொறுப்பு. மற்றது, வசி நம்மட ஆள். இந்தக் கழகத்துக்கு வந்த முதல் நாளே எனக்குள் ஒரு தீர்மானம் எடுத்திருந்தேன். தமிழ்ப் பிள்ளை யாருக்காகவும் பரிந்து பேசக் கூடாது. சந்திரா தன்ர ஆட்களுக்குத்தான் கதைக்கிறா என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த மேசையில்தான் விளங்கியது, யோனாஸைப் பற்றி நூறு தரம் நல்லது சொன்ன இந்த வாய் வசியைப் பற்றி ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. பக்கம் சாயக் கூடாது என்று பயந்து பயந்து மற்றப் பக்கம் சாய்ந்துபோயிருந்தேன். நம்மில் கனபேர் இப்படித்தான். உங்களுக்கும் இந்தப் பயம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"தாள் பிழை" என்றேன்.

"எந்தத் தாள்?"

"எல்லாத் தாளும். கோடு போட்டவள் நான். நடைக்கு நான் கோடு போடவில்லை. நான் விளையாடிய ஆட்டத்தில் நடை இல்லை, அதனால் அது ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். வசி சம்பாதித்ததுதான் ஹென்றிக். யாரும் சும்மா கொடுக்கவில்லை."

குதிகாலைப் பற்றிச் சொன்னேன். எழுந்து நின்று, துடைப்பத்தை மட்டையாகப் பிடித்து, செய்தும் காட்டினேன். அறுபது வயதுப் பொம்பிளை துடைப்பத்தோடு நின்றதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"இதை ஏன் இத்தனை வருடமாக நீ சொல்லவில்லை?"

"இத்தனை வருடமாக நான் பார்க்கவில்லை."

ஹென்றிக் எழுந்து போய்க் கோப்பி ஊற்றினார். இந்த நாட்டுக்காரர் பலருக்குக் கோபம் வந்தால் கத்த வராது, கோப்பிதான் ஊற்ற வரும். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி முன்னால் வைத்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அணித் தாளை இழுத்து, முதலாவது இடத்தில் வசியின் பெயரை எழுதினார். எல்லோருக்கும் முன்னால் மட்டை பிடிக்கிற இடம் அது.

"பிழையாகிப்போனால் பயிற்சியாளர் நான். அது உன் பிழையாக இருக்காது" என்றார். யோனாஸுக்குத் தானே தொலைபேசியில் சொல்வதாகவும் சொன்னார்.

ஞாயிறு காற்றுப் பலமாக இருந்தது. யோனாஸ் வாங்கின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நியாயம்தான். வசி முதல் ஆளாகப் போனான். எதிரணிப் பந்துவீச்சாளர் ஹென்றிக் சொன்னதுபோலவே கத்தரித்து வைத்த மாதிரி எறிந்தார். வசி தட்டினான், தட்டினான், விட்டான், தட்டினான். கடைசியில் நடை. பின்னால் வந்தவர்களின் அடியில் அவன் தளத்திலிருந்து ஓடி வீடு சேர்ந்தான், எங்களுக்கு முதல் புள்ளி. அடுத்த தடவை பந்தைத் தூக்கிக் கொடுத்துப் பிடிபட்டான். அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை இன்னொரு நடை. நான்காவது தடவை ஒரு சின்ன அடி, தளத்துக்குச் சறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். எழும்பியபோது இடது தொடையிலிருந்து முழங்கால்வரை பச்சையும் மண்ணும் அப்பியிருந்தது. எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நடை இரண்டையும் புத்தகத்தில் பெட்டி நிறைய எழுதினேன்.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், மூன்றாவது ஆள் போனால் முடிந்தது. மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். வசியின் முறை. நடை கிடைத்தாலே போதும், எல்லோரும் ஒரு தளம் நகர்வார்கள், ஒருவன் வீடு சேருவான், ஆட்டம் சமம். இந்த மாதிரி ஒரு நேரத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆள் அவன்தான்.

மூன்று கூடாத பந்துகள். இரண்டு நல்ல பந்துகள். பிறகு நல்லதாக வந்த இரண்டை வெளியே தட்டினான். இனி ஒரு பந்து. கூடாததென்றால் நடை, இன்னொரு நல்லதை விட்டுவிட்டால் அவன் ஆட்டமிழப்பான், ஆட்டம் முடிவு. புள்ளி எழுதுகிறவர்களின் மேசை வலைக்குப் பின்னால், நேர்கோட்டில் இருந்தது. நான் குதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வந்தது. குதி அசையவில்லை. உடனே கண்ணை உயர்த்திப் பந்தைப் பார்த்தேன். தாழ்வாக, வெளியே போய்ப் பிடிப்பவரின் கையுறைக்குள் விழுந்தது. வசி மட்டையைக் கீழே வைக்கக் குனிந்தான்.

நடுவர் கையை உயர்த்தினார். நல்ல பந்து. ஆட்டம் முடிந்தது.

நடுவர் நல்ல மனிதர், பக்கம் சாயாதவர். நாள் முழுக்கக் காற்றில் நின்றவர். அவருடைய கண்ணுக்கு அது உள்ளே வந்தது, அவ்வளவுதான். அவர் சொன்னதுதான் முடிவு. மட்டையை வீசாமல் நின்று ஆட்டமிழந்தால் நாங்கள் ஆங்கில கே எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுத வேண்டும். புத்தகத்தில் பார்க்கவே வெட்கமான குறி அதுதான். அதையும் எழுதினேன்.

பின்னால் கதிரைகளிலிருந்து பேச்சு எழுந்தது. "ஏன் வீசவில்லை?" "ஒரு தடவையாவது வீசியிருக்கலாமே." பேருந்துத் தரிப்பிடம் என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யோனாஸ் எழுந்து என் மேசையைத் தாண்டிப் போகும்போது, "நானென்றால் அடித்துப் பார்த்திருப்பேன்" என்றான். இருக்கலாம். வேலியைத் தாண்டியும் போயிருக்கலாம். அவன் சொன்னதைப் பொய் என்று காட்ட எந்தப் புத்தகத்தாலும் முடியாது. வசி மூன்று தடவை தளம் ஏறியதை அன்று மாலை யாரும் பேசவில்லை. கடைசிப் பந்தை மட்டும் பேசினார்கள்.

ஆட்டத்துக்கு நன்றி என்று வரிசையில் கைகொடுத்து முடித்துவிட்டு வசி நேரே என்னிடம் வந்தான்.

"அன்ரி, நீங்கள் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்."

"எங்க போனது?"

"வெளியில. அரைச் சாண் இருக்கும். உன்ர குதியும் அசையேல்ல."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "குதியைப் பார்த்தனீங்களோ?" என்றான். பிறகு, "காணும் அன்ரி, எனக்கு அது போதும்" என்று மட்டும் சொன்னான். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். எனக்கும் அழுகை வந்தது. புத்தகம் நனைந்துவிடும் என்று தள்ளி வைத்தேன்.

உங்களுக்குக் கையேட்டில் சொல்லியிருப்பார்கள், புத்தகத்தில் சொந்த அபிப்பிராயம் எழுதக் கூடாது என்று. சரியான விதி. நானும் அதைத்தான் சொல்வேன். நடுவர் சொன்னதை எழுது, நடந்ததை எழுது, உன் மனதில் பட்டதை வீட்டுக்குக் கொண்டுபோ. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தரம் அதை மீறினேன். திருப்பிய கேயை அழிக்கவில்லை, மாற்றவில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் 'வெளியே' என்று தமிழில் எழுதினேன். சின்னதாக இல்லை.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியின் புத்தகங்களையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். எதிரணிக்கு எழுதிய பெண் என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளும் வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தவள்தான். விரலை வைத்து, "இது என்ன?" என்றாள். "எங்கள் மொழி. பந்து வெளியே போனது என்று இருக்கிறது" என்றேன். தன்னுடைய அணி வென்ற ஆட்டம் அது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய பெயர்கூட இப்போது நினைவில்லை. புத்தகம் கழக வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாராவது எடுத்துப் பார்த்தால் அழித்துவிடாதீர்கள்.

அடுத்த பருவத்திலிருந்து திங்கட்கிழமைத் தாளில் கோடுகள் கூடின. சீசிலியே கணக்குப் பார்த்தாள், நான் ஆட்களைப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு தரமாவது சண்டை பிடித்தோம். ஒருவர் முறையிலும் நான் கோப்பிக்கு எழும்பவில்லை. வசி ஒக்டோபரில் இக்காஸ்ட் போய்விட்டான்.

ஆனால் அதற்கு முதல், இறுதியாட்டம் முடிந்து இரண்டாம் நாள், சலவைக்கூடத்தில் நான் இடைவேளையில் இருக்கும்போது வசியின் அம்மா தொலைபேசி எடுத்தார்.

"சந்திரா, உம்மட வேலை எண்டபடியால் கேக்கிறன். இவன்ர காற்சட்டையில அப்பிடியொரு புல்லுக் கறை. ரெண்டு தரம் மெசினில போட்டிட்டன், போகுதில்ல. என்ன போட்டா போகும்?"

புல்லுக் கறைக்கு என்ன போட வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"அது போகாது அக்கா" என்றேன். "மடிச்சு அப்பிடியே வையுங்கோ."